கழிப்பறை மீது போட மறுத்த பழி

இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவு விவாகரத்துக்கான காரணங்களை அடுக்குகிறது. பிறர் உறவு, கொடுமை, கைவிட்டுப் போதல் என்று நீளும் அந்த வரிசையில் ஐந்தாம் உட்பிரிவு நோயைப் பற்றியது. கணவனோ மனைவியோ தொற்றும் நிலையிலுள்ள பால்வினை நோயால் பாதிக்கப்பட்டிருந்தால் மற்றவர் மணமுறிவு கேட்கலாம். 1955-ல் சட்டம் வந்தபோது, மனுப் போடுவதற்கு முன் மூன்று வருடமாவது அந்த நோய் இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. 1976 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இதற்கு முந்தைய வரியில் இருந்த தொழுநோய் 2019-ல் நீக்கப்பட்டது. பால்வினை நோய் மட்டும் இன்றும் இருக்கிறது. எதெது பால்வினை நோய், 'தொற்றும் நிலை' என்பது எது என்று சட்டத்தில் எந்த விளக்கமும் கிடையாது.

இந்த உட்பிரிவை வைத்து யாரும் லேசில் வழக்குப் போடுவதில்லை. நோய் உள்ளே இருந்தாலும் வக்கீல்கள் அதைக் 'கொடுமை' என்ற தலைப்பில் மறைத்து வைத்துத்தான் எழுதுவோம். மனுவைப் படிக்கும் குமாஸ்தாவிலிருந்து டவாலி வரை வாய் மெல்லுமே என்ற பயம். நான் சொல்லப்போகும் வழக்கில் மனுவின் முதல் பக்கத்திலேயே அந்த உட்பிரிவைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அதே சட்டத்தின் 22-வது பிரிவுப்படி இந்த வழக்குகள் மூடிய அறையில் நடக்க வேண்டும். நடந்ததை அச்சிட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அபராதத்தை விடுங்கள், அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. ஊர் தென் மாவட்டம், காலம் கொரோனாவுக்கு முந்தியது. இதற்கு மேல் அடையாளம் தரமாட்டேன். சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.

கணவர் வளைகுடாவில் வேலை. கல்யாணமாகி இரண்டாவது விடுப்பில் வந்துபோன பிறகு மனைவி கருவுற்றிருப்பது தெரிந்தது. பத்தாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. அப்போது பார்த்த தனியார் மருத்துவமனையில் 'டார்ச்' என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்ப்பீஸ் என்று கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளை ஒரே கட்டாகப் பார்க்கும் பரிசோதனை அது. கரு கலைந்தால் இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை. ஆனால் நம் ஊர்களில் கரு கலைந்த பெண்கள் பலர் கையில் இந்தக் காகிதம் இருக்கும். அதில் ஹெர்ப்பீஸ் என்ற வரிக்கு நேரே ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் 'பாசிட்டிவ்'. கீழே பொடி எழுத்தில், ஐஜிஎம் இருந்தால் சமீபத்தில் ஏற்பட்ட தொற்று என்று ஒரு குறிப்பு.

அந்தக் காகிதத்தை நாத்தனார் கைப்பேசியில் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். அவர் அங்கே உட்கார்ந்து இணையத்தில் தேடியிருக்கிறார். ஹெர்ப்பீஸ் பாலுறவால் பரவும் நோய், ஐஜிஎம் என்றால் புதிதாக வந்தது. தான் விமானம் ஏறிய தேதியையும் ரத்தம் எடுத்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு மேல் வந்தது. அப்படியானால் தான் இல்லாதபோது வந்த நோய். வழக்கின் அஸ்திவாரம் முழுக்க இந்தக் கழித்தல் கணக்குதான்.

மாமியார் வீட்டில் அதற்குள் வேறு ஏற்பாடுகள் நடந்துவிட்டன. தனித் தட்டு, தனி டம்ளர், தனி சோப்பு, தனி வாளி. அவர் படுத்த மெத்தையை மாடியில் வெயிலில் போட்டவர்கள் திரும்ப இறக்கவில்லை. குளியலறையை அவர் பயன்படுத்திய பிறகு நாத்தனார் டெட்டால் ஊற்றிக் கழுவுவார். பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனாரின் கைக்குழந்தையைத் தொடவே விடவில்லை. ஒரு மாதம் இப்படி இருந்துவிட்டு அந்தப் பெண் தாய்வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே நோட்டீஸ் வந்தது.

என் அலுவலகத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். அந்தப் பெண், அவருடைய அம்மா, அண்ணன். பேசியது அண்ணன்தான். கல்யாணத்துக்கு முன் அந்தப் பெண் இரண்டு வருடம் வேலை பார்த்து மகளிர் விடுதியில் தங்கியிருந்தார். மனுவில் அதையும் இழுத்திருந்தார்கள்: 'விடுதியில் கட்டுப்பாடின்றி வாழ்ந்தவர்' என்று.

"மேடம், அவங்க எழுதினதையே நமக்குச் சாதகமாத் திருப்பிடலாம்" என்றார் அண்ணன். "ஹாஸ்டல்ல நாப்பது பொண்ணுக்கு நாலு கக்கூஸ். அங்கதான் தொத்தியிருக்கும்னு எழுதிருங்க. யார் மேலயும் குத்தம் வராது."

வழக்கறிஞர்களுக்கு இந்தக் கழிப்பறை புதிதல்ல. பால்வினை நோய் என்ற பேச்சு எழுந்தால் எல்லாத் தரப்பும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். பொதுக் கழிப்பறை, லாட்ஜ் படுக்கை, நீச்சல் குளம், சலூன் துண்டு. கேட்பவர்களுக்கும் சொல்பவர்களுக்கும் அது ஒரு சௌகரியம். நீதிபதிகள் சிலரும் தலையாட்டிவிடுவார்கள். அண்ணன் சும்மா வரவில்லை, இணையத்திலிருந்து ஒரு அச்சுப் பிரதியும் கொண்டுவந்திருந்தார். 1980-களில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு. பிளாஸ்டிக் பரப்பில் இந்த வைரஸ் சில மணி நேரம் உயிரோடு இருந்ததாகச் சொல்லும் ஆய்வு. உண்மையான ஆய்வுதான், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் மாட்டேன் என்றேன். காரணம் இரண்டு. அது உண்மை இல்லை என்பது ஒன்று. எதிர்த்தரப்பு ஒரு மருத்துவரைக் கூண்டில் ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் பொடிப்பொடியாகும். பொய்க் காரணம் சொன்னவள் உண்மைக் காரணத்தை மறைக்கிறாள் என்று ஆகிவிடும். மற்றது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. கழிப்பறை என்று எழுதினால், இந்த நோய் வந்தவள் தன்னைச் சுத்தமானவள் என்று நிரூபிக்கக் கடமைப்பட்டவள் என்பதை நாமே ஒப்புக்கொண்டதாகும். எதிர்த்தரப்பு கேட்கும் கேள்வியைச் சரியான கேள்வி என்று ஏற்றுக்கொண்டு பதில் மட்டும் வேறு சொல்வது. கேள்வியே தப்பு என்றுதான் இந்த வழக்கில் வாதாட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. வேறு வக்கீல் பார்க்கிறேன் என்று எழுந்தார். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "நீ போண்ணே. நான் மேடம்கிட்டப் பேசிட்டு வாரேன்."

அவர் போனபிறகு அம்மாவிடம் ஒரு விஷயம் கேட்டேன். சின்ன வயதில் இவருக்கு உதட்டில் கொப்புளம் வருமா?

"வருமே வக்கீலம்மா. காய்ச்சல் அடிச்சாப் போதும், பரீட்சைன்னாப் போதும், உதட்டோரத்துல முத்து முத்தாப் போட்டுரும். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெஞ்சிருக்குன்னு எங்க மாமியா சொல்லுவாக. மஞ்சளைக் குழைச்சுப் போட்டா ஒரு வாரத்துல காஞ்சிரும். எனக்கும் வரும்."

எந்தச் சிலந்திக்கும் இதில் பங்கில்லை. ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை என்ற வைரஸ் செய்கிற வேலை அது.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய் மருத்துவத்துக்கென்றே நெடுங்காலமாக ஒரு நிலையம் இருக்கிறது. நாட்டில் இந்தத் துறையைத் தனிப்படிப்பாக வளர்த்த இடங்களில் ஒன்று. அங்கே படித்து, அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டர் எங்கள் ஊர்ப் பக்கம் குடியேறியிருந்தார். என் கட்சிக்காரரை அவரிடம் அழைத்துப்போனேன். முதலில் காகிதத்தை வாங்கிப் பார்த்தவர், "இது ரெண்டு வகையையும் சேர்த்துப் பார்க்குற கிட். எந்த வகைன்னே இதுல இல்லை. இதை வெச்சா கேஸ் போட்டிருக்காங்க?" என்றார்.

வகை பிரித்துச் சொல்லும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். வைரஸின் மேலுறையில் உள்ள ஜி என்ற கிளைக்கோபுரதம் இரண்டு வகைக்கும் வேறு வேறாக இருக்கும்; அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பார்த்தால் வகை தெரிந்துவிடும். முதல் வகை பாசிட்டிவ், இரண்டாம் வகை நெகட்டிவ் என்று வந்தது.

இது தெரிந்ததும் அண்ணன் திரும்பி வந்துவிட்டார். வீடே பெருமூச்சு விட்டது. "நல்ல வகைதான மேடம்?" என்று கேட்டார். அந்த நிம்மதி எனக்கு ஒட்டவில்லை. இரண்டாம் வகை வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 கணக்குப்படி 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகை இருக்கிறது. பெரும்பாலும் பாலுறவால் வருவது அது. ஆனால் அதில் பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கணவரே கொடுத்திருக்கலாம், அவருக்கும் தெரியாமல். இருவரில் ஒருவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே வந்து பேசாமல் கிடந்திருக்கலாம். அப்படி வந்திருந்தாலும் இதே வழக்கை இதே மாதிரி நடத்தியிருப்பேன். கொஞ்சம் கஷ்டப்பட்டிருப்பேன், அவ்வளவுதான்.

விசாரணைக்கு வந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மாவட்டத்தில் பேர் பெற்ற சீனியர். குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையல்ல, நீதிமன்ற அனுமதியோடுதான். இருவருமே அனுமதி வாங்கியிருந்தோம். கணவர் நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்து கூண்டேறினார். கோபம் உண்மையானது என்று முகத்தில் தெரிந்தது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. பொடி எழுத்தை நம்பியவர்.

குறுக்கு விசாரணையில் நான் நீளமாகப் போகவில்லை.

"உங்கள் மனைவியின் பிறப்புறுப்பில் எப்போதாவது புண்ணோ கொப்புளமோ பார்த்ததுண்டா?"

"இல்லை."

"உங்களுக்கு?"

"இல்லை."

"உங்கள் ரத்தத்தை இந்தக் கிருமிக்காகப் பரிசோதித்தீர்களா?"

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்குப் பார்க்கணும்?"

"உங்கள் மனைவிக்கும் ஒன்றும் இருக்கவில்லை என்றுதானே இப்போது சொன்னீர்கள்?"

பதில் இல்லை. சாட்சி மௌனம் என்று பதிவானது.

எங்கள் தரப்பில் அந்தப் பெண்ணுக்குப் பிறகு டாக்டர். அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி நிபுணர் சாட்சி. இன்றைய புதிய சட்டத்தில் அது 39-வது பிரிவு. கூண்டில் நாற்காலி போடச் சொன்னார் நீதிபதி. டாக்டர் வேண்டாம் என்று நின்றே பேசினார். வகுப்பு எடுத்துப் பழகியவர்.

நான் முதலில் கேட்டது வழியைப் பற்றி. இந்த வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகும்?

தோலோடு தோல், சளிச்சவ்வோடு சளிச்சவ்வு நேராகப் பட வேண்டும் என்றார். முதல் வகை பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சும்போது எச்சில் வழியாக வருவது. யாரும் தப்பு செய்வதில்லை, யாருக்கும் தெரிவதும் இல்லை. உள்ளே போனது முகத்து நரம்பின் முடிச்சில் போய்த் தங்கிவிடும். ஆயுள் முழுக்க அங்கேதான். காய்ச்சல், வெயில், மன அழுத்தம் என்று ஏதாவது கிளப்பினால் நரம்பு வழியாக உதட்டுக்கு இறங்கிக் கொப்புளமாகும். பலருக்கு அதுவும் ஆகாது.

"பாலுறவு இல்லாமலும் வரும் என்கிறீர்களா?"

"அமெரிக்காவில் மினசோட்டாவில் 1989-ல் ஒரு மல்யுத்தப் பயிற்சி முகாம் நடந்தது. பள்ளிப் பையன்கள். அதில் 60 பையன்களுக்கு இதே முதல் வகை வந்தது, முகத்திலும் கழுத்திலும் கையிலும். பிடி போடும்போது தோல் உரசி வந்தது. கையுறை போடாத காலத்தில் பல் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் விரல் நுனியில் வரும். நானே பார்த்திருக்கிறேன்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "மல்யுத்தமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி எழுதினார்.

அடுத்து அண்ணனின் கழிப்பறை ஆய்வை நானே எடுத்து நீட்டினேன். எதிர்த்தரப்பு வேறு விதமாக அதைக் கொண்டுவருவதற்கு முன் நம் கையாலேயே முடித்துவிடுவது நல்லது. வீட்டில் தனி சோப்பு, தனி வாளி வைத்ததற்கும் அதுதான் பதில்.

டாக்டர் சொன்னதைச் சுருக்குகிறேன். இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை இருக்கிறது. உடம்புக்கு வெளியே அது சீக்கிரம் காய்ந்து கெட்டுப்போகும். சோப்பு பட்டால் உறை கரைந்துவிடும். சோப்பு வழியாக இது பரவும் என்று பயப்படுவதில் அர்த்தமே இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஈரமான பிளாஸ்டிக்கில் சில மணி நேரம் உயிர் இருந்தது என்பது வேறு, அதிலிருந்து ஒரு மனிதருக்கு நோய் வருவது வேறு. போதிய அளவில், உயிரோடு, சளிச்சவ்விலோ கிழிந்த தோலிலோ போய்ச் சேர வேண்டும். கழிப்பறை இருக்கையில் படுவது தொடையின் முழுத் தோல். அது இந்த வைரஸுக்குக் கதவு திறப்பதில்லை. கழிப்பறை, படுக்கை, நீச்சல் குளம், துண்டு, தட்டு, கரண்டி வழியாக இது வராது என்றுதான் மருத்துவ உலகம் மக்களுக்குச் சொல்லிவருகிறது.

இதைப் பிறகு கேட்டபோது அண்ணன் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது.

பிறகு தேதி. வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருந்தது.

"ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் சமீபத்தில் வந்தது என்று அறிக்கை சொல்கிறதே?"

"ஹெர்ப்பீஸுக்கு அது பொருந்தாது. பழைய தொற்று மறுபடி கிளம்பும்போதும் ஐஜிஎம் ஏறும். இதே வைரஸ் குடும்பத்தில் வேறு வைரஸ்கள் இருக்கின்றன, சின்னம்மை வைரஸ் உட்பட. அவற்றோடும் குழம்பும். அதனால்தான் ஹெர்ப்பீஸைக் கண்டுபிடிக்க ஐஜிஎம் பார்க்காதே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஐஜிஜி இருந்தால் எப்போதோ வந்தது என்று மட்டும் தெரியும். எப்போது என்று தெரியாது. போன மாதமும் இருக்கலாம், மூன்று வயதிலும் இருக்கலாம். யாரிடமிருந்து என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது."

இந்த இடத்தில் நீதிபதி என்னைப் பார்த்து, "கையெழுத்து இருக்கு, தேதி போடாத பத்திரம்னு சொல்றார்" என்றார். அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. பதிவில் அது ஏறவில்லை.

சீனியர் எழுந்தார். அவருடைய குறுக்கு விசாரணையை இன்றும் ஜூனியர்களுக்குச் சொல்வதுண்டு. டாக்டரை மிரட்டவில்லை, மடக்கவும் பார்க்கவில்லை. டாக்டர் சொன்னதையே எடுத்துக்கொண்டு மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தினார்.

"டாக்டர், இந்த வைரஸ் ஆயுள் முழுக்க உடம்பில் இருக்கும் என்றீர்கள்."

"ஆமாம்."

"கொப்புளம் இருக்கும்போது மற்றவருக்குத் தொற்றும்."

"நிச்சயமாக. அப்போதுதான் அதிகம்."

"கொப்புளம் இல்லாதபோது?"

டாக்டர் தயங்கவேயில்லை. "சில நாட்களில் ஒன்றும் வெளியே தெரியாமல் வைரஸ் எச்சிலில் வரும். அப்போதும் தொற்றலாம்."

"முதல் வகை பிறப்புறுப்பில் வருமா?"

"வரும். உதட்டில் உள்ளவர் வாயால் தொட்டால் வரும். இப்போது உலகில் பல இடங்களில் புதிதாக வரும் பிறப்புறுப்பு ஹெர்ப்பீஸில் கணிசமான பங்கு முதல் வகைதான்."

"ஆக, இந்த அம்மாவிடம் உள்ளது தொற்றும் நோய். பாலுறவிலும் தொற்றக்கூடிய நோய். சரியா?"

"சரி."

"நாத்தனாரின் கைக்குழந்தையைத் தொட விடவில்லை என்று எதிருரையில் கொடுமையாக எழுதியிருக்கிறார்கள். உதட்டில் கொப்புளத்தோடு ஒருவர் பச்சிளங்குழந்தையை முத்தமிட்டால்?"

"செய்யக்கூடாது. பிறந்த சில வாரங்களில் குழந்தைக்கு இது வந்தால் உயிருக்கே ஆபத்து. யாராக இருந்தாலும், குழந்தையின் தாயாகவே இருந்தாலும், உதட்டில் கொப்புளம் இருக்கும்போது குழந்தையை முத்தமிடக்கூடாது."

சீனியர் உட்கார்ந்தார். அவர் கேட்டதும் நியாயம், டாக்டர் சொன்னதும் உண்மை. நம் சாட்சி நமக்கு எதிராகப் போய்விட்டார் என்று என் ஜூனியர் காதில் கிசுகிசுத்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கழிப்பறையால் வராது என்று சொன்ன அதே வாய்தான் முத்தத்தால் வரும் என்றும் சொல்கிறது. ஒன்றுக்கு நம்பிக்கை வேண்டுமென்றால் மற்றதையும் ஏற்க வேண்டும். தட்டையும் வாளியையும் பிரித்து வைத்தவர்கள் அறியாமையால் செய்தார்கள்; குழந்தை விஷயத்தில் அவர்கள் பயத்தில் ஒரு பாதி சரி. எதிருரையில் அந்தப் பத்தியை நான் பிறகு வலியுறுத்தவில்லை.

மறு விசாரணையில் கேட்க வேண்டியது ஒன்றே.

"டாக்டர், நீங்கள் இப்போது சொன்ன பொருளில் தொற்றக்கூடியவர்கள், அதாவது முதல் வகை உடம்பில் உள்ளவர்கள், மக்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?"

"உலகக் கணக்கில் மூன்றில் இரண்டு பேர். இந்த அறையில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்."

அறையில் நீதிபதி, பெஞ்ச் கிளார்க், தட்டச்சர், இரு தரப்பு வக்கீல்கள், கட்சிக்காரர்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைய மதிப்பீட்டில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம், 380 கோடிப் பேர். இத்தனை பேருக்கும் 13-வது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவைப் பாய்ச்சினால் குடும்ப நல நீதிமன்றங்களை மாவட்டத்துக்கு நூறாகக் கூட்ட வேண்டியிருக்கும்.

அதோடு விடாமல் நான் ஓர் இடைக்கால மனுப் போட்டேன், மனுதாரரின் ரத்தத்தையும் பரிசோதிக்க உத்தரவிட வேண்டும் என்று. சாரதா எதிர் தர்மபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-ல் சொன்னது: திருமண வழக்கில் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு; மறுத்தால் அவருக்குப் பாதகமாக அனுமானிக்கலாம். சீனியர் ஆட்சேபனை தாக்கல் செய்ய வாய்தா கேட்டார். அடுத்த வாய்தாவில் ஆட்சேபனை வரவில்லை. கணவரே ரத்தம் கொடுக்கச் சம்மதம் என்று மெமோ வந்தது. அவருடைய பிடிவாதத்தில் ஒரு நேர்மை இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

அறிக்கை உறையில் வந்தது. முதல் வகை பாசிட்டிவ், இரண்டாம் வகை நெகட்டிவ். மனைவியின் அறிக்கை மாதிரியே.

இதை வைத்து, இவர்தான் அவருக்குக் கொடுத்தார் என்று வாதாடியிருக்கலாம். தன் தப்பை வைத்தே ஆதாயம் தேடக்கூடாது என்ற 23-வது பிரிவு அதற்குத் தோதாக இருந்தது. அண்ணனும் அதைத்தான் கேட்டார். செய்யவில்லை. அந்தக் காகிதமும் தேதி போடாததுதான். ஒருவருடைய காகிதத்தில் தேதி இல்லை என்று ஆறு மாதம் வாதாடிவிட்டு இன்னொருவருடையதில் தேதி இருப்பதாகச் சொல்ல முடியுமா? இருவருக்கும் குழந்தையில் தங்கள் தங்கள் வீட்டில் வந்திருக்கும் என்பதுதான் நடந்திருக்கக் கூடியது.

சில நாள் கழித்து சீனியர் வராந்தாவில் கூப்பிட்டார். "அம்மா, அந்த உட்பிரிவை வாபஸ் வாங்கிடறோம். பையன் சேர்ந்து வாழவும் ரெடிங்கறான். பேசிப் பாருங்க."

பேசிப் பார்த்தேன். அந்தப் பெண் முடியாது என்றார். காரணத்தை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "தட்டு தனியா வெச்சதுகூடப் பரவாயில்ல மேடம், தெரியாமப் பண்ணிட்டாங்க. அவர் நாள் எண்ணிப் பார்த்தார் பாருங்க. கரு கலைஞ்சு நான் ஆஸ்பத்திரியில கெடக்கேன், அவர் அங்கன உக்காந்து நாள் எண்ணியிருக்கார்."

அதன்பிறகு 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு. ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது வசதியாக இருந்தது. நகை, சீர்ச் சாமான் எல்லாம் பட்டியல் போட்டுத் திரும்பின. பழைய மனுவில் நோய் பற்றியும் விடுதி பற்றியும் எழுதிய பத்திகள் அனைத்தையும் திரும்பப் பெறுவதாகக் கணவர் கையெழுத்திட்ட மெமோ வேண்டும் என்பது மட்டும் எங்கள் நிபந்தனை. விடுதி என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னது அந்தப் பெண்தான்.

இடையில் ஒருநாள் அவரை மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன், வழக்குக்காக இல்லாமல். கரு கலைந்ததற்கு இது காரணமா, இனி குழந்தை பிறந்தால் அதற்கு வருமா என்ற இரண்டு கேள்வி அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. கரு கலைந்ததை இந்த அறிக்கையோடு முடிச்சுப் போடாதே என்றார் டாக்டர். முதல் சில மாதங்களில் கரு கலைவதில் பெரும்பாலானவை கருவின் குரோமோசோம் கோளாறால். பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றும் ஆபத்து அதிகமாக இருப்பது, தாய்க்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முதலாகப் பிறப்புறுப்பில் தொற்று வந்தால்தான். அப்போது 30 முதல் 50 சதவீதம் வரை. பழைய தொற்று என்றால் தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தைக்கும் போயிருக்கும். ஒரு சதவீதத்துக்கும் கீழே. "உனக்கு அந்த இடத்துல எதுவுமே இல்லை. உதட்டுல கொப்புளம் வந்தா அந்த வாரம் குழந்தைக்கு முத்தம் கொடுக்காதே, கையைக் கழுவிட்டுத் தூக்கு. அவ்வளவுதான்மா."

வழக்கு முடிந்த பிறகு நகல் மனுப் போடும்போது அவர் என்னிடம் கேட்டார், அடுத்து வரன் வந்தால் இதைச் சொல்ல வேண்டுமா என்று. சட்டப்படி கேட்டால், முக்கியமான ஓர் உண்மையை மறைத்து மோசடியாகச் சம்மதம் வாங்கினால் 12-வது பிரிவில் திருமணத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். மூன்றில் இருவருக்கு இருக்கும் உதட்டுக் கொப்புளம் அந்த 'முக்கியமான உண்மை'யில் வருமா என்றால், வராது என்பது என் கருத்து. ஆனாலும் ஒருமுறை கோர்ட்டுக்குப் போன விஷயம். யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அவர்கள் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தீர்ப்பு நகலோடு டாக்டருடைய சாட்சியத்துக்கும் சான்றிட்ட நகல் வாங்கித் தரச் சொன்னார். முதல் விசாரணை மட்டும் போதுமா, சீனியர் கேட்ட குறுக்கு விசாரணையும் வேண்டுமா என்று குமாஸ்தா கேட்டார்.

"முழுசா வேணும்" என்றார்.